கண்ணுக்குத் தெரியாத மெஷினுக்கு எடுபிடி

ஆய்வுக்கூடத்து எடுபிடி வேலை என்பது, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத சரக்கைச் சிந்தாமல் காப்பது. இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

சாயப்பட்டறை சாம்பிள் அறையை விட்டு, திருப்பூர் மங்கலம் ரோட்டில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். அங்கே ஜெயசீலி என்ற ஆராய்ச்சி மாணவி டி.என்.ஏ. இழைகளால் மெஷின் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு இழை இன்னொன்றின் மேல் நடந்துபோகும். வழியில் நிற்கிற ரசாயனத் துண்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி, சொன்ன வரிசையில் கோர்க்கும். அந்த வருஷத்துக்குள் மூன்று துண்டாவது வரிசையாகச் சேராவிட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவதாகக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள்.

பார்சல்

இழைகள் கூரியரில் வரும். விரல்நுனி அளவு குப்பிகள். அடியில் காய்ந்து ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. வாட்ச்மேன் பழனிச்சாமி ஒருநாள் பார்சலைப் பிரித்து, குப்பிகளை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பப் போனார். ஓடிப்போய் வாங்கி எண்ணினேன். பன்னிரண்டும் இருந்தன. அவருக்கு மனசு ஆறவில்லை.

"ஏனுங்க, ஒண்ணுமில்லாத குப்பிக்கு எதுக்குங்க இத்தனை பஞ்சு?"

ஷிப்ட்டுக்கு எத்தனை கிலோ

என் பழைய முதலாளி பார்க்க வந்தார். ஷிப்ட்டுக்கு எத்தனை கிலோ வரும் என்பதுதான் முதல் கேள்வி. ஒரு சொட்டுக்குள் கோடிகோடி மெஷின் இருந்தாலும் வருகிற சரக்கைக் கண்ணால் பார்க்க முடியாது என்றார் ஜெயசீலி. சாயத் தொட்டியில் எல்லாம் எல்லாவற்றோடும் கலக்கிறது, இதில் வேண்டியது வேண்டியதோடு மட்டும் சேர்வதால் கழிவு குறையும் என்றும் பொறுமையாகச் சொன்னார். முதலாளியின் பட்டறைக்கு அப்போது கழிவுநீர் நோட்டீஸ் வந்திருந்தது.

"சாயத்தண்ணி வராதுன்னா, கண்ணுக்குத் தெரியாட்டியும் பரவாயில்லீங்க அம்மிணி."

கரண்ட் போன மதியம்

கையில் கடைசி இழைகள்தான் மிச்சம். அவற்றைச் சூடாக்கி மெல்ல மெல்ல ஆறவிட்டால்தான் சரியான ஜோடி சேர்ந்து மெஷின் ஆகும்; சட்டென்று ஆறினால் சிக்கிக்கொள்ளும். சூடேறிய நேரம் பார்த்து, சொல்லாத வேளையில் கரண்ட் போயிற்று. ஜெயசீலிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே கேன்டீனிலிருந்து ஒரு பாத்திரம் கொதிநீர் கேட்டார். குப்பிகளை அதில் மிதக்கவிட்டு மூடி, பனியன் வேஸ்ட் துணியை வண்டிவண்டியாகச் சுற்றினோம்.

சாம்பிள் அறையில் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்து நிறம் பார்த்தே பழகிய கை இது. தானாக மூடிக்குப் போயிற்று. அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஐயா, இது சாயம் இல்ல. தொறந்தா ஆறிரும். செத்த நேரம் உக்காருங்க."

கட்டிங் மாஸ்டர்

அந்தக் குப்பிகளை வெளியூருக்குச் சோதனைக்கு அனுப்பியதில் முடிவு வந்தது: மூன்று துண்டும் வரிசையாகச் சேர்ந்திருந்தன. ஆனால் பாதிக்கு மேல் மெஷின்கள் நடுவழியில் நின்றுவிட்டன. ஜெயசீலிக்கு அதுவே குறை. அவருடைய அப்பா தூத்துக்குடிப் பக்கம். இங்கே நல்லூரில் ஒரு பனியன் யூனிட்டில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். மிக்சர் பொட்டலத்தோடு வந்தவர், மகள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"ஏட்டி, சாம்பிள் பாஸாயிட்டுல்லா? புரொடக்‌ஷன பொறவு பாத்துக்கிடலாம்."

கல்லூரி இன்னொரு வருஷம் கொடுத்தது. பாதிக்கு மேல் ரிஜெக்ட் ஆகியும் ஆர்டர் கைவிட்டுப் போகாத யூனிட் திருப்பூரிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.