ஏழாம் வண்டிக்கு ஒரு சிந்தனை

டயர் கடைக்குப் பக்கத்தில் ஒடுங்கிய இரும்புப் படி. ஏறினால் ஓர் அறை. மேசை மீது ஒரு மைக், இரண்டு தொலைபேசிகள். சுவரில் ஊரின் வரைபடம். அதில் குண்டூசியில் குத்திய, எண் எழுதிய காகிதக் கொடிகள், வண்டிக்கு ஒன்றாக. மின்விசிறி சுற்றினால் கொடிகளெல்லாம் தலையாட்டும். அந்த அறையை ஆண்டவளைத்தான் டாக்ஸி ஓட்டுநர்கள் ‘கண்ட்ரோல் அக்கா’ என்று கூப்பிட்டார்கள். யாராவது தொலைபேசியில் வண்டி கேட்டால், பக்கத்தில் எது நிற்கிறது என்று கொடியைப் பார்த்து, வயர்லெஸில் அனுப்புவது அவள் வேலை.

அந்த வயர்லெஸில் ஒரு குணம் உண்டு. ஒருவர் பட்டனை அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும்வரை மற்றவர் யாரும் குறுக்கே பேச முடியாது. கேட்டுத்தான் ஆகவேண்டும். இப்படி ஒரு சாதனம் ஒரு பெண் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று அதைக் கண்டுபிடித்தவர் யோசித்திருக்க மாட்டார்.

ஆரம்பித்தது ஒரு சண்டையில். காலையில் சவாரி சூடுபிடிக்கும்வரை வண்டிகள் ஸ்டாண்டில் வரிசையாக நிற்கும். யார் முன்னால் வந்தது, யார் நடுவில் புகுந்தது என்று தினமும் வயர்லெஸிலேயே வாய்ச்சண்டை. ஒருநாள் பொறுக்கமுடியாமல் அவள் மைக்கை அழுத்தினாள்.

“எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க. ஆக்டோபஸுக்கு மூணு இதயம் இருக்கு, தெரியுமா? உங்களுக்கு இருக்கறது ஒண்ணு. அதையும் இப்படிக் கத்தியே கெடுத்துக்காதீங்க.”

வரிசை கப்சிப் ஆனது. பிறகு பன்னிரண்டாம் வண்டிக்காரன் குரல் மெதுவாகக் கேட்டது. வாயாடி, ஸ்டீயரிங்கைவிட நாக்கைத்தான் அதிகம் சுழற்றுவான்.

“அக்கா, நெஜமாவே மூணா?”

“நெஜமாத்தான்.”

“அப்ப அது மூணு இடத்துல காதலிக்கலாம்!”

சிரித்த சிரிப்பில் வரிசைச் சண்டை மறந்துபோயிற்று. மறுநாள் காலை அவனே கேட்டான்: “அக்கா, இன்னிக்கு என்ன பிராணி?”

அவள் பழைய பேப்பர் கடையில் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். கிடைத்தது உயிரெழுத்துத் தொகுதிகள் மட்டும்தான். ‘க’ முதல் மீதியெல்லாம் எந்தக் கடையில் பொட்டலமாகிப் போனதோ. அதனால் அந்த ஊர் டாக்ஸிக்காரர்களுக்கு ஆந்தை தன் கண்ணை உருட்ட முடியாது என்பது தெரியும், எறும்புக்கு நுரையீரல் கிடையாது என்பது தெரியும், ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு என்பதும் தெரியும். குரங்கைப் பற்றி ஒன்றும் தெரியாது.

“குரங்குக்கு எதுக்கு அக்கா புத்தகம்? பன்னெண்டைப் பாத்தாப் போதாதா?” என்றான் ஒன்பதாம் வண்டிக்காரன்.

தகவலுக்குப் பின்னால் வரலாறு சேர்ந்தது. மன்னர்கள் வரலாறு இல்லை, கம்பெனி வரலாறு. “இன்னிக்கு மாதிரி ஒரு நாள்ல, நம்ம ஒன்பது ஒரு பெரியவரைத் தப்பான துக்க வீட்டுல எறக்கி விட்டாரு. அந்தப் பெரியவரும் உள்ள போய் நல்லா அழுதுட்டு, அந்த வீட்டாருக்கு ஆறுதலும் சொல்லிட்டு, வெளிய வந்தப்புறம்தான் ‘செத்தவரு எனக்குத் தெரிஞ்சவரு இல்லையே’ன்னு சொன்னாரு. இதுல ஒன்பதோட தப்பு ஒண்ணுமில்ல, பெரியவர் அழுகைதான் ரொம்ப நல்லா இருந்துச்சாம்.” அப்புறம் ஒரு சிரிப்புத் துணுக்கு. கடைசியில், எல்லாரும் காத்திருந்த ‘இன்றைய சிந்தனை’.

சிந்தனை என்றால் தத்துவம் என்று நினைத்துவிடவேண்டாம். அவள் சிந்தித்ததெல்லாம் தன் வீட்டுக்காரரைப் பற்றித்தான். அந்த வீட்டுக்காரர் ஓட்டியதுதான் ஏழாம் நம்பர் வண்டி.

அகலமான ஆள். அடர்த்தியான மீசை. சொற்களுக்கு மட்டும் கடும் சிக்கனம். குழம்பில் உப்பு அதிகம் என்றால் தண்ணீர்ச் செம்பைத் தன் பக்கம் நகர்த்துவார். அதுதான் அவர் சொல்லும் விமர்சனம். வயர்லெஸிலும் அப்படித்தான். “ஏழு, எங்க இருக்கீங்க?” என்றால் “பாலம்” என்பார். பிறகு ஒரு “ம்ம்”. அந்த “ம்ம்” மட்டும் வேறு எந்த வண்டியிலிருந்தும் வராது.

“ஒரு மனுஷர் இருக்காரு, பேரு வேண்டாம், நம்பரும் வேண்டாம், ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல ஓட்டுறாரு” என்று ஆரம்பிப்பாள். அவர் அயர்ன் பண்ணிய சட்டையில் பட்டன் உருகியதும், கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடியதும் ஊரெங்கும் ஓடும் வண்டிகளில் ஒலிபரப்பாகும். ஏழாம் வண்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு “ம்ம்” என்று மட்டும் சொல்லும். அதற்கும் ஒரு சிரிப்பு.

எல்லாம் மீசைக்குச் சாயம் பூசிய நாள்வரைதான்.

அவர் யாருக்கும் தெரியாமல் ஒரு சின்னப் புட்டி வாங்கிவந்து, குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு பூசியிருக்கிறார். காலையில் தலையணை உறை காட்டிக்கொடுத்துவிட்டது. இப்படி ஒரு விஷயம் கையில் சிக்கினால் கண்ட்ரோல் அக்கா விடுவாளா?

“இன்றைய சிந்தனை. மீசைக்கு வயசைக் குறைக்கப் போன ஒருத்தரு, தலையணைக்கு மீசை வரைஞ்சு வச்சுட்டாரு. இப்ப எங்க வீட்டுல ரெண்டு ஆம்பளைங்க.”

அந்த நேரம் பார்த்து ஏழாம் வண்டியில் சவாரி இருந்தது. பின் சீட்டில் ஒரு தலைமையாசிரியை, மடியில் விடைத்தாள் கட்டோடு. வயர்லெஸ் பெட்டியையும் ஓட்டுநரையும் மாறி மாறிப் பார்த்தவர் முன்னால் குனிந்து சொன்னார்.

“கொஞ்சம் இப்படித் திரும்புங்க, பார்ப்போம்.”

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டி வயர்லெஸ் பெட்டியை அணைத்தார்.

அன்று முழுக்க அவள் “ஏழு, ஏழு” என்று கூப்பிட்டதுதான் மிச்சம். மாலையில் வீட்டுக்குப் போனதும் கேட்டாள்.

“என்னங்க, செட்டை ஏன் ஆஃப் பண்ணீங்க?”

“சூடாயிடுச்சு.”

“செட்டா, நீங்களா?”

அவர் தண்ணீர்ச் செம்பைத் தன் பக்கம் நகர்த்தினார். மறுநாள் காலை குளியலறையிலிருந்து வெளியே வந்தவரைப் பார்த்து அவள் கையிலிருந்த பால் பாத்திரத்தைத் தவறவிட்டாள். மீசை இல்லை. மொத்தமாக மழித்துவிட்டார். கல்யாணத்திலிருந்து அவள் பார்த்தே இராத ஒரு மேலுதடு, இவ்வளவு நாளாகப் போர்வைக்குள் படுத்திருந்ததைப்போல வெளுத்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.  அதை அடக்கிக்கொண்டு தரையைத் துடைத்தாள்.

அன்று தகவல் சொன்னாள், வரலாறு சொன்னாள், துணுக்கும் சொன்னாள். “அவ்வளவுதான்” என்று முடித்தாள்.

“அக்கா, சிந்தனை?” என்றது ஒன்பது.

“சிந்தனை இன்னிக்கு லீவு.”

“அண்ணன் மீசையும் லீவு” என்றது பன்னிரண்டு. வரிசையே விழுந்து சிரித்தது. ஏழிலிருந்து பட்டன் தட்டும் சத்தம் மட்டும் ஒரு தடவை வந்தது. டிக். அதற்குப்பின் அவள் எதைக் கேட்டாலும் அந்த டிக்தான் பதில். சவாரி ஏற்றினாரா? டிக். இறக்கினாரா? டிக். ‘ம்ம்’ என்ற ஒன்று இல்லாமல்போனால் நாள் இத்தனை நீளமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

இதற்கு நடுவே மழைக்காலம் வந்தது. மழை என்றால் ஊருக்கே டாக்ஸி வேண்டும். இரண்டு தொலைபேசியும் ஓயாமல் அலற, அவளும் அலறி, ஒரு காலையில் மைக்கை அழுத்தினால் காற்று மட்டும் வந்தது. தொண்டை மொத்தமாகப் படுத்துவிட்டது. பேசவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துக் காட்டக்கூட அவளிடம் குரல் இல்லை.

முதலாளியே மைக் முன்னால் உட்கார்ந்தார். அவள் கொடியைத் தொட்டுக் காட்டுவாள், அவர் சொல்லுவார்.

“ஏம்மா, இது ஆறா, ஒன்பதா? கொடி தலைகீழாத் தொங்குதே.”

ஆறு, ஒன்பது இரண்டும் ஒரே வாசலில் போய் நின்று, ஏற வேண்டிய அம்மாளின் பைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்தார்கள்.

காலைத் தொகுப்புக்கான நேரம் வந்தது. முதலாளி இரண்டு கையையும் விரித்தார். “இந்த ஆக்டோபஸ் விவகாரமெல்லாம் எனக்கு வராதும்மா.”  அப்போது ஒரு டிக். பிறகு ஒரு கனைப்பு.

“ஏழு பேசுறேன்.”

அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

“தகவல். ஒட்டகச்சிவிங்கி பெரும்பாலும் சத்தமே போடாது. அது கூட இருக்கறவங்களுக்கு நிம்மதி.” சற்று நிறுத்தினார். “வரலாறு. எங்களுக்குக் கல்யாணமான புதுசு. ஒரு அம்மா வண்டி ஓட்டக் கத்துக்கறேன்னு எடுத்துட்டுப் போனாங்க. நேராப் போய்த் தீயணைப்பு நிலையத்து வாசல்ல குறுக்க நிறுத்தினாங்க. சாவியை உள்ள வச்சுக் கதவைப் பூட்டினாங்க. பின்னால நாலு தீயணைப்பு வண்டி மணியடிச்சுட்டு நிக்குது. இவங்க திரும்பி அவங்களைப் பாத்துக் கேட்டாங்க, ‘எங்க தீ?’ன்னு.”

முதலாளி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் பாய்ந்து மைக்கை அழுத்தினாள். பயனில்லை; ஏழு பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. இத்தனை வருடம் மற்றவர்கள் பட்டதை அன்றுதான் அவள் பட்டாள்.

“துணுக்கு. ஒருத்தன் டாக்டர்கிட்ட போனான். டாக்டர் என்னமோ கேட்டாரு. அவன் என்னமோ சொன்னான். அது எனக்கு மறந்துபோச்சு. ஆனா ரொம்ப சிரிப்பா இருக்கும்.”

அவள் சொன்ன எந்தத் துணுக்குக்கும் அந்த வரிசை அப்படிச் சிரித்ததில்லை.

“சிந்தனை” என்றார் ஏழு. குரல் கொஞ்சம் தாழ்ந்தது. “வீட்டுல அந்தம்மா தூக்கத்துலயும் டூட்டி பாப்பாங்க. ‘அஞ்சு, எங்க இருக்கீங்க? அஞ்சு, வந்துட்டீங்களா?’ன்னு கேப்பாங்க. நான்தான் ‘வந்துட்டேன்’னு சொல்லுவேன். அப்புறம் தூங்கிடுவாங்க. அஞ்சு கேட்டாச்சு, ஆறு கேட்டாச்சு, பன்னெண்டைக்கூடத் திட்டியாச்சு. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட ஏழைக் கூப்பிடல. அவ்வளவுதான்.”

விரலை எடுத்தார்.

முதலில் வாய் திறந்தது ஐந்து. நல்ல மனிதர், பயந்த சுபாவம். “அண்ணே, சத்தியமா எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது.”

கண்ட்ரோல் அக்கா சவாரிச் சீட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு, பேனாவை அழுத்தி எதையோ கிறுக்கி, முதலாளி மூக்குக்கு நேராக நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, மைக்கை அழுத்தி, நீதிமன்றத்தில் பேர் கூப்பிடுகிறவர் மாதிரி உரக்கப் படித்தார்.

“‘ஏழு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். என் பக்கத்துலதான் படுத்திருக்கும். அப்புறம் எதுக்குக் கூப்பிடணும், லூசு.’” படித்து முடித்தபிறகுதான் தான் என்ன படித்தோம் என்று அவருக்கு உறைத்தது. காது சிவந்தது. “ஏம்மா, இதையெல்லாம் என் வாயாலயா சொல்ல வைப்பே?”

 பிறகு ஏழிலிருந்து, “ம்ம்.”

“அண்ணே,” என்றது பன்னிரண்டு, “முதலாளி உங்களை லூசுன்னுட்டாரு. கேஸ் போடலாம்.”

அதன்பிறகு தினமும் காலையில் ஏழுதான் பேசினார். சொற்கள் இத்தனை நாள் எங்கே இருந்தனவோ, மடை திறந்ததுபோல வந்தன. அவள் முன் சீட்டில் உட்கார்ந்தால் இல்லாத பிரேக்கை மிதிக்கும் அழகு, கோபம் வந்தால் பாத்திரத்திடம் முறையிடும் பழக்கம், மாமியாரிடம் தொலைபேசியில் பேசும்போது மட்டும் தேனாகிவிடும் குரல். முதலாளி மதிய டீயைக் காலைக்கு மாற்றிக்கொண்டார். ‘அந்த நேரத்துக்கு வண்டி அனுப்புங்க, செட்டை மட்டும் சத்தமா வைக்கச் சொல்லுங்க’ என்று வாடிக்கையாளர் சிலர் கேட்டு வாங்கினார்கள்.

அவள் கழுத்தில் சாம்பல் நிற மப்ளரைச் சுற்றிக்கொண்டு, வெந்நீரை உறிஞ்சியபடி எல்லாவற்றையும் ரசித்துக் கேட்டாள். டாக்டர் சொன்ன கெடு முடிந்தது. மப்ளர் இறங்கவில்லை. முதலாளி “இப்ப எப்படிம்மா இருக்கு?” என்றால் தொண்டையைத் தொட்டு உதட்டைப் பிதுக்குவாள். பாவமாக இருக்கும்.

மழை விட்ட ஒருநாள் கீழே டயர் கடைக்காரர் வந்திறங்கிய டயர்களை வைக்க இடமில்லாமல் இரும்புப் படியிலேயே அடுக்கினார். முதலாளி ஒரு கொடியை எட்டிப் பிடிக்கச் சாய்ந்தபோது அவர் முழங்கை மைக் பட்டனில் அழுந்தியிருந்தது. அது யாருக்கும் தெரியாது. அவள் வாசலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க! படியிலயா டயரை அடுக்குவீங்க? நான் கீழ எறங்கறதுக்கு என்ன றெக்கை வாங்கி மாட்டிக்கணுமா? எடுங்க முதல்ல!”

வெண்கலக் குரல். எல்லா வண்டியிலும் கணீரென்று கேட்டது. முதலாளி திடுக்கிட்டு முழங்கையை எடுத்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். தாமதம்.

டிக்.

“கண்ட்ரோல்,” என்றார் ஏழு, “தொண்டை தேவலையா?”

அவள் மப்ளரைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். மைக் முன் உட்கார்ந்தாள். “நேத்துதான் சரியாச்சு.”

“மப்ளர்?”

“குளிருது.”

“வெயில் கொளுத்துது அக்கா” என்று நுழைந்தது பன்னிரண்டு.

“பன்னெண்டு, ரயில் நிலையத்துல ஒரு சவாரி நிக்குது. நாலு பெட்டி, ஒரு தையல் மெஷின். நீங்களே போய் ஏத்துங்க” என்றாள் அவள். பன்னிரண்டு அதோடு மறைந்தது.

பிறகு வேலையைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். தகவலும் துணுக்கும் அவளுக்கு. அவர் துணுக்குச் சொல்லக்கூடாது என்பதில் முதலாளி கறாராக இருந்தார், முடிவு தெரியாத துணுக்கை யோசித்தபடியே இரண்டு வண்டிகள் சிக்னலில் நின்றுவிட்டன. வரலாறும் சிந்தனையும் நாள் மாற்றி நாள் இருவருக்கும்.

ஆனால் ஒன்றை அவள் கணக்கில் எடுக்கவில்லை. பேச ஆரம்பித்த மனிதர் வயர்லெஸோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தட்டில் சோற்றைப் போட்டதிலிருந்து, புது மேம்பாலத்தை எந்தக் கோணத்தில் கட்டியிருக்க வேண்டும் என்று தண்ணீர்ச் செம்பையும் கரண்டியையும் வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். சோறு ஆறியது. குழம்பு ஆறியது. அவள் இரண்டுமுறை வாயைத் திறந்து பார்த்தாள்.

“என்னங்க, சாப்பிட்டுட்டு...”

“இரு, இரு,” என்றார் அவர், கரண்டியைச் செம்பின்மேல் குறுக்காக வைத்தபடி. “இன்னும் பாலமே முடியல.”