சூடம் அணைத்த ஒன்பது பேர்

நூல் மில்லுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் திருச்சுழியில் கிளம்பி, ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு காலை ஆறு மணிக்குப் பரளச்சிக்கு வரும். அதில் போகும் நாற்பது பெண்களில் ஒருத்திக்கும் நூலைப் பற்றிப் பேசப் பிடிக்காது. எட்டு மணி நேரம் அதோடுதானே மல்லுக்கட்டப் போகிறோம் என்று விட்டுவிடுவார்கள். பேசுவதெல்லாம் கபடிதான். சுற்றுப்பட்டியில் எந்த ஊரில் பெண்கள் குழு இருந்தாலும் அதில் ஆடும் ஒருத்தியின் அக்காவோ சித்தியோ அந்த பஸ்ஸில் இருப்பாள்.

வைகாசி முடிந்துவிட்டால் ஆட்டம் கிடையாது. ஆகஸ்ட் பதினைந்துக்குத் திருச்சுழியில் நடக்கும் கோப்பைதான் அடுத்தது. இடைப்பட்ட இரண்டு மாதமும் வாய்க்குத்தான் ஆட்டம். எவள் எந்த ஊருக்குத் தாவுகிறாள், எவளுக்கு எவன் என்ன வாங்கிக் கொடுத்தான் என்று அருப்புக்கோட்டை வரும்வரை அரைத்துக் கொட்டுவார்கள்.

ஆவுடைத்தாய் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வருவாள். நாற்பத்து மூன்று வயது. மில்லில் அறுந்த இழையைச் சேர்த்துவிடும் வேலை. பரளச்சிப் பெண்கள் கபடிக் குழுவுக்கு எட்டு வருஷமாக அவள்தான் எல்லாம். இத்தனைக்கும் அவள் ஒரு நாளும் கபடி ஆடியவள் கிடையாது. பள்ளிக்கூட மைதானத்தில் ஆடிய பிள்ளைகளைப் பையன்கள் விரட்டியபோது, அந்த வழியாக வந்தவள் சும்மா போயிருக்கலாம். போகவில்லை. சண்டை போட்டு, சாயங்காலம் ஐந்து முதல் ஆறரை வரை மைதானம் பெண்களுக்கு என்று எழுதி வாங்கினாள். சண்டை போட்டவள் தலையிலேயே குழுவையும் கட்டிவிட்டார்கள். சட்டதிட்டமெல்லாம் போனில் ஆட்டம் பார்த்துக் கற்றதுதான்.

குழுவின் யோக்கியதை என்னவென்றால், போன பருவத்தில் பதினாலு ஆட்டம், பதினொன்றில் தோல்வி. ஜெயித்த மூன்றில் ஒன்று எதிராளிகளின் வேன் பந்தல்குடியில் படுத்துக்கொண்டதால் கிடைத்தது. ஆவுடைத்தாயின் புருஷன் சங்கையா ஆட்டு வியாபாரி. "ஒன் கச்சேரி என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்ததும் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

ஆனி பிறந்து காற்று மண்ணை வாரி அடிக்கத் தொடங்கிய வாரத்தில், மூக்கம்மாள் முன்வரிசையிலிருந்து திரும்பிச் சொன்னாள்.

"ஏ ஆவுடை, ஒங்க யுவராணிய திருச்சுழிக்காரவுக வளைச்சுட்டாகளாமே? புது போனு வாங்கிக் குடுத்துருக்காகளாம்."

மறுநாள் பின்வரிசையிலிருந்து வேறு சேதி வந்தது. திருச்சுழி இல்லையாம், பந்தல்குடியாம். அங்கே லாரி ஷெட் வைத்திருக்கும் ஒருவர் புதுக் குழு சேர்க்கிறாராம். யுவராணிக்கு ஸ்கூட்டியாம். அவளோடு கார்னரில் நிற்கும் தங்கச்செல்வியும் போகிறாளாம். மூன்றாம் நாள், யுவராணிக்குக் கல்யாணம் என்றாள் ஒருத்தி.

ஆவுடைத்தாய் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தாள். மூக்கம்மாள் சொல்வதில் ஆள் சரியாக இருக்கும், ஊர் தப்பாக இருக்கும். அது பல வருஷ அனுபவம். பின்வரிசைக்காரிகள் பொருளைக் கூட்டிச் சொல்வார்கள், கொலுசு என்றால் சங்கிலி என்பார்கள். ஆகவே ஸ்கூட்டி பொய், பந்தல்குடி மெய்யாக இருக்கலாம். கல்யாணம் சுத்தப் பொய். பெண்ணுக்குப் பதினெட்டே இப்போதுதான் ஆகிறது, பிளஸ் டூ ரிசல்ட் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எப்படி நிறுத்தாலும் ஒன்று மட்டும் தட்டிலிருந்து இறங்க மறுத்தது. யுவராணி எங்கேயோ போகப்போகிறாள்.

யுவராணி போனால் குழு இல்லை. அவள் ஒருத்திதான் கபடி பாடிப்போய்ப் புள்ளியோடு திரும்பி வருபவள். மற்றவர்கள் போனால் போனதுதான். ஆவுடைத்தாய் பயந்தாள். பயத்தை அவள் எப்போதும் கோபமாக மாற்றிக்கொள்வாள், அதுதான் அவளுக்குக் கைவந்தது. கருப்பசாமி முன்னால் சூடம் அணைத்துவிட்டு எப்படிப் போவாள் என்று பொருமினாள்.

அந்தச் சூடத்தின் கதை இது. வைகாசியில் கடைசி ஆட்டத்தில் நாற்பதுக்குப் பதினொன்று என்று தோற்றுத் திரும்பும்போது, ஊர் எல்லையில் கருப்பசாமி கோயிலருகே ஷேர் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள் ஆவுடைத்தாய். இறங்கியவள் கட்டைச் சூடத்தைக் கொளுத்திப் பூசாரி முன்னிலையில் குழுவின் ஒன்பது பேரையும் அதன்மேல் கையடித்து அணைக்கச் சொன்னாள். "பரளச்சிய விட்டு வேற டீமுக்கு ஆட மாட்டோம்னு சொல்லுங்கடி." தோற்ற அவமானத்தில் இருந்த பிள்ளைகள் சொன்னார்கள். பிள்ளைகளின் உள்ளங்கை கறுத்தது. அந்தப் பக்கத்தில் சூடம் அணைத்துச் சொல்லும் சொல்லுக்குக் கெடு வைப்பார்கள், அடுத்த பொங்கல் வரை, அடுத்த கோயில் கொடை வரை என்று. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த முறை அது. கொதிப்பில் இருந்த ஆவுடைத்தாய் கெடு வைக்க மறந்துபோனாள். மறந்தது கூட அன்றைக்கு அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை மில் விட்டு வந்ததும் நேரே யுவராணி வீட்டுக்குப் போனாள். கருவேலங்கட்டையை அடுக்கிக் கரிமூட்டம் போடும் குடும்பம். அம்மா முத்துலட்சுமி முற்றத்தில் கரியைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஒன் மக? பந்தல்குடிக்கா, திருச்சுழிக்கா? எனக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகச் சொல்லு."

முத்துலட்சுமி சல்லடையைக் கீழே போட்டாள். "எங்கிட்டும் போகல மதினி. போக எங்க விட்டீக?" என்றவள் உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்து ஆவுடைத்தாயின் கையில் திணித்தாள். கைக்கரி கவரில் ஒட்டியது.

மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கடிதம். விளையாட்டு இடம், கட்டணம் இல்லை, விடுதியும் சாப்பாடும் இலவசம், கல்லூரிக் கபடி அணியில் ஆட வேண்டும். திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். நாற்பதுக்குப் பதினொன்று என்ற ஆட்டத்தில், அந்தப் பதினொன்றில் ஒன்பதை எடுத்தவளை யாரோ ஒரு பேராசிரியை பார்த்துக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.

"எத்தன தடவ சொல்லிட்டேன். சாமி முன்னாடி சொல்லிட்டேம்மா, மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. திங்கக்கெழம தாண்டுனா மில்லுக்குத்தேன் அனுப்பணும். ஒங்க பஸ்லயே ஏத்திக் கூட்டிட்டுப் போங்க."

யுவராணி கதவோரம் வந்து நின்றாள். ஆவுடைத்தாய் கேட்டாள், "எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீங்க போன்னு சொல்லீருவீகளோன்னு பயந்தேன்க்கா. நீங்க சொன்னாலும் கருப்பன் சொல்லணும்ல. எங்கய்யா மூட்டத்துல வேகுறாரு, அவருக்கு எதும் ஆச்சுன்னா நாந்தேன் காரணம்னு ஆயிரும்."

ஆவுடைத்தாய் கடிதத்தை மறுபடியும் படித்தாள். இந்தப் பிள்ளை போகிறாள் என்று வாரம் முழுக்கக் கறுவிக்கொண்டிருந்தவள், அவள் போகாமல் இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு நொடி பட்டாள் என்பதும் உண்மை. அந்த ஒரு நொடிக்காக அவள் பிறகு தன்னை நிறையத் திட்டிக்கொண்டாள்.

அங்கிருந்து பூசாரி இருளாண்டியிடம் போனாள். சத்தியம் வாங்கியவரே அதே இடத்தில் நின்று, வாங்கினது நான்தான், திருப்பித் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் சாமி விட்டுவிடும் என்றார் அவர். இவ்வளவுதானா என்று அவள் மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொன்னார்.

"ஆனா ஒரு சூடம், ஒரு சத்தியம் தாயி. யுவராணிக்கு மட்டும் கிள்ளிக் குடுக்க முடியாது. அணைச்ச ஒம்பது பேரும் வரணும். ஒம்பது பேருக்கும் விட்டுப்போகும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தேன். யோசிச்சுக்க."

யோசித்தாள். தங்கச்செல்வி பந்தல்குடிக்குப் போகிறாள் என்ற பேச்சும் தட்டில் கனமாகத்தான் இருந்தது. அவள் போனால் குழுவில் இருக்கும் அவள் சித்தி மகளும் கூடவே போவாள். திருச்சுழிக் கோப்பைக்கு ஏழு பேர் கொடுக்க முடியாவிட்டால் குழுவின் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால், குழுவே இல்லாதபோது மைதானம் எதற்கு என்று அந்த ஒன்றரை மணி நேரமும் போகும். பையன்கள் அதற்காகத்தான் எட்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தவளிடம் சங்கையா கேட்டார், "அந்தப் புள்ளைய அனுப்பலேன்னா அடுத்த வருசம் ஜெயிச்சுப்புடுவியா?"

"மாட்டேன்," என்றாள் ஆவுடைத்தாய். "அப்பயும் தோப்போம்."

"பெறகென்ன?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பது பேரும் கருப்பசாமி முன்னால் நின்றார்கள். ஊர்க்காரர்கள் சிலரும் வேடிக்கைக்கு வந்துவிட்டார்கள். இருளாண்டி சூடம் கொளுத்தவில்லை. கொளுத்தாமல் சும்மா கையில் வைத்துக்கொண்டு, சொல் தாயி என்றார்.

"இந்தப் புள்ளைகள்ட்ட சத்தியம் வாங்குனது நான். தோத்த ஆத்திரத்துல வாங்கிட்டேன். கெடு வைக்காம வாங்குனது என் தப்பு, அவுக தப்பு ஒண்ணுமில்ல. ஒம்பது பேருக்கும் திருப்பிக் குடுத்துட்டேன்." அவளுக்கு நாலு பேர் முன்னால் அழப் பிடிக்காது, ஆனாலும் அழுதாள். "எந்த ஊருக்கு ஆடுனாலும் நல்லா ஆடுங்கடி."

இருளாண்டி ஒன்பது நெற்றியிலும் திருநீறு பூசினார். யுவராணி ஆவுடைத்தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விடவே இல்லை. தங்கச்செல்வி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதிலேயே ஆவுடைத்தாய்க்கு விடை தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை யுவராணி அப்பாவோடு மதுரை பஸ்ஸில் ஏறினாள். புதன்கிழமை தங்கச்செல்வி வீடு தேடி வந்து, சித்தி மகளுக்கும் தனக்கும் பந்தல்குடியில் கேட்கிறார்கள், அங்கே சத்தான சாப்பாடு போடுகிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். போயிட்டு வா என்று அனுப்பினாள் ஆவுடைத்தாய். ஸ்கூட்டியெல்லாம் இல்லை, முட்டையும் பாலும்தான்.

ஆடி கடைசி வாரத்தில் கோப்பைக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. மைதானத்தில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறாவது பெயர்வரை எழுதிவிட்டு ஆவுடைத்தாய் பேனாவை நிறுத்தினாள். பரளச்சியில் பார்க்காத வீடில்லை, கேட்காத தாயில்லை. கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளைக்குக் கைகால் ஒடிந்தால் யார் பார்ப்பது என்று எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"ஏழாவது யாருக்கா?" என்று கேட்டாள் ப்ரியா. இருப்பதிலேயே குட்டையானவள்.

ஆவுடைத்தாய் எழுதினாள். ப்ரியா எட்டிப் பார்த்துப் படித்தாள். "ஆவுடைத்தாய், வயது நாற்பத்து மூணு. அய்யோ அக்கா!"

"வயசுக்கு மேல்வரம்பு போடலடி. நோட்டீச வாசிச்சுட்டேன்."

"ஒங்களுக்குப் பாடத் தெரியாதேக்கா."

"தெரியாது. புடிக்கப் பாப்போம்."

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மில்லில் இருந்து அப்படியே வந்திருந்தாள். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். எட்டு வருஷமாகக் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தியவளுக்கு, உள்ளே மைதானம் இவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது.

ப்ரியா பாடிக்கொண்டு வந்தாள். இடமும் வலமும் துள்ளி, கார்னரில் நின்ற ஆவுடைத்தாயின் காலைத் தொடத் தன் காலை நீட்டினாள். ஆவுடைத்தாய் கண்ணை மூடிக்கொண்டு விழுந்தாள். கையில் கணுக்கால் சிக்கியது. முழங்கை மண்ணில் சிராய்த்தது, வாயெல்லாம் புழுதி. கூட்டமாக வந்து மற்றவர்களும் மேலே விழுந்தார்கள். ப்ரியாவின் பாட்டு அறுந்தது.

"அக்கா, விடுங்க. நான் அவுட்டுதேன்."

ஆவுடைத்தாய்க்குக் கேட்டது. இருந்தும் இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் காலைக் கட்டிக்கொண்டே கிடந்தாள்.