கணவாயில் ஒரு கல்

ரூ லூயி-பிளாங் தெருவிலுள்ள சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் வாமதேவனுக்கு மலையேறுவதில் எந்த ஆசையும் கிடையாது. பிரான்சுக்கென்று ஊரிலிருந்து புறப்பட்ட தம்பி கிழக்கு பெர்லினில் வந்திறங்கிய பிறகு என்ன ஆனான் என்றே தெரியவில்லை. சோறு இறங்காமல் திரிந்தவனை, தபால் நிலையத்தில் வேலை செய்யும் பாண்டிச்சேரிக்காரர் மார்செல் பிடிவாதமாக ஓவெர்ன் மலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அவிந்த எரிமலையின் கரும்பாறைகளையும், பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளத்தாக்கையும் மார்செல் வழி நெடுகக் காட்டிக்கொண்டே வந்தார். வாமதேவன் சும்மா தலையாட்டினான். கணவாயின் உச்சியை எட்டும்போது மூடுபனி கவிந்துவிட்டது. அதற்குள்ளே ஒரு கற்குவியல், நடுவில் ஒரு இரும்புக் கம்பி. ஊர் ஒழுங்கை ஓரத்தில் கல்லும் சூலமுமாக வழிக்காவல் நிற்கும் வைரவரேதான்! சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, உருகாமல் கிடந்த வெண்பனியில் வெறுங்காலோடு நின்று கும்பிட்டான்.

மார்செல் சிரித்துவிட்டார்.

"அட, சாமி இல்லப்பா. மூடுபனியில வர்றவங்க வழி தப்பிடக் கூடாதுன்னு, போறவங்க ஆளுக்கொரு கல்லு வெச்சுட்டுப் போவாங்க."

அந்தச் சிரிப்பு வாமதேவனுக்குச் சுருக்கென்று தைத்தது. குனிந்து, பெரிய கல்லாகத் தேடி எடுத்தான்.

"அப்ப நானும் ஒண்டு வைக்கிறன், அண்ணை. தம்பி இன்னும் வழியிலைதான் நிக்கிறான்."