கம்பம் நட்ட ஊரில் டீ வண்டி

அன்று காலை எங்கள் வண்டியைச் சுற்றி நின்றவர்கள்: ஊர்க்கவுண்டர், மாரியம்மன் கோயில் பூசாரி, கோயில் திடலுக்கு எதிர்வீட்டு நல்லாயி, வண்டி டிரைவர் மாணிக்கண்ணன், டீக் கம்பெனிப் பிரசங்கி சுந்தரராஜன் சார், டீ போடுகிற நான். நல்லாயியின் எருமையும் நின்றது. அந்தப் பஞ்சாயத்தில் வாயைத் திறக்காதது அது ஒன்றுதான்.

ஊர் சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில். காலம் யுத்தத்துக்கு முன்பு. வழக்கு இதுதான்: எங்கள் மோட்டார் வண்டி வண்டியா, வீடா? வீடு என்று தீர்ப்பானால் எட்டு நாளைக்கு அது ஊரைவிட்டு நகரக் கூடாது. நாங்களோ அன்று சாயங்காலமே நாமக்கல் போய்ச் சேர வேண்டும். மறுநாள் விடிந்ததும் கம்பெனி துரை அங்கே வந்து டீ குடித்துப் பார்த்து, எங்களைப் பெர்மனண்ட் பண்ணுவதா, கணக்குத் தீர்த்து அனுப்புவதா என்று சொல்வார். எனக்கு ராசிபுரத்தில் பெண் பேசியிருந்தது. பெண்ணின் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சக்கரத்து மேல குடியிருக்கறவனுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கறது? வேலையாச்சும் நிரந்தரம்னு ஆவட்டும், அப்பறம் பாக்கலாம்."

ஆகவே துரைக்கு டீ இல்லை என்றால் எனக்குக் கல்யாணம் இல்லை.

சக்கரத்து மேல் குடித்தனம்

டூர் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கு இப்போது ரூம் வாடகையும் சாப்பாட்டுப் பேட்டாவும் கொடுக்கிறார்கள். எங்களுக்கு வண்டிதான் ரூம். சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று ஒரு வருஷம் முழுக்க அதற்குள்ளேயே ஆக்கி, உண்டு, தூங்கினோம். முன் சீட்டு மாணிக்கண்ணனுக்கு. பக்கவாட்டு பெஞ்சு சுந்தரராஜன் சாருக்கு. டீப் பெட்டிகளுக்கு நடுவே தரை எனக்கு. அடுப்பு ஒன்றுதான், இரும்புக் குமுட்டி. டீக்கும் அதுதான், சோற்றுக்கும் அதுதான்.

ஊருக்குள் போய் நிறுத்தினால் முதலில் கிராமபோனில் ஒரு பிளேட்டு ஓடும். கூட்டம் கூடியதும் சார் டீயின் குணங்களைப் பற்றிப் பேசுவார். நான் எல்லோருக்கும் இலவசமாக ஊற்றுவேன். பிறகு காலணா பாக்கெட் விற்போம். சும்மா கொடுப்பதை யாரும் நம்பவில்லை. "இன்னைக்கி சும்மா குடுப்பீங்க, நாளைக்கி நெலத்தக் கேப்பீங்க" என்பார்கள். மோகனூரில் ஒரு அம்மாள் தூளைக் கடுகு தாளித்துப் பொரியல் செய்துவிட்டு, உப்புப் போட்டும் கசக்கிறதே என்று சண்டைக்கு வந்தார். டீயைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற எங்கள் சாரோ கும்பகோணத்துக்காரர். வண்டிக்குப் பின்னால் நின்று காபிதான் குடிப்பார்.

நான் நாலாவதோடு படிப்பை நிறுத்தியவன். சேலத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் தறிக்காரர்கள். காலை உள்ளே விட்டு உட்காருகிற தறிக்குழி நகராது. தூங்கும்போது நகரக்கூடிய வீட்டில் இருப்பது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. எங்கே நிறுத்தினாலும் நாலு சக்கரத்துக்கும் நாலு கல் வைப்பேன். அதுவும் போதாதென்று பின் சக்கரத்தில் கயிறு கட்டி, மறுமுனையை என் காலில் கட்டிக்கொள்வேன், சக்கரம் சுற்றினால் கயிறு இழுத்து எழுப்புமே என்று.

"ஏம்பா பழனி," என்பார் மாணிக்கண்ணன். அவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், எதற்கும் பதறாதவர். "சக்கரம் சுத்துனா உன்னையும் இழுத்துக் கீழ போட்டுரும். எங்களுக்கு ஒரு ஆள் சோறு மிச்சம், வேறென்ன?"

இன்னொரு கவலை பெட்ரோல் டின். அது அடுப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளித்தான் இருக்கும். அதன் பக்கத்தில் தீக்குச்சியே கிழிக்க மாட்டேன். அதனால் எந்த ஊரானாலும் பக்கத்து வீட்டில் இரண்டு கங்கு நெருப்பு வாங்கி, வெளியிலேயே அடுப்பை மூட்டி, கனன்ற பிறகு உள்ளே தூக்கி வைப்பேன். வருஷம் முழுக்க ஒரு விபத்தும் இல்லை. வம்பு வந்தது அந்த நெருப்பால்தான்.

தீர்ப்பு

நோம்பி என்றால் அந்தப் பக்கம் திருவிழா. மாரியம்மன் நோம்பிக்கு, மூன்று கிளை உள்ள மரத்தை வெட்டி வந்து கோயில் முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். நட்ட நாள் முதல் பிடுங்குகிற நாள் வரை, ஊரில் எந்த வீட்டுக்காரரும் வெளியூரில் போய்த் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், படுக்க ஊருக்கு வந்துவிட வேண்டும். விருந்தாளிக்கு இந்தக் கட்டு கிடையாது. ஆனால் கம்பம் நட்ட பிறகு எந்த வீட்டிலும் வெளியாளுக்கு நெருப்புக் கொடுக்க மாட்டார்கள்.

நாங்கள் வந்து தங்கிய மறுநாள் கம்பம் நட்டார்கள். அதற்கு அடுத்த காலை, வழக்கம்போல் நல்லாயி வீட்டில் கங்கு வாங்கினேன். அவளும் அடுப்பு வேலை அவசரத்தில் அள்ளிப் போட்டுவிட்டாள். பூசாரி பார்த்துவிட்டார்.

"கம்பம் நட்டிருக்குது, வெளியாளுக்கு நெருப்புக் குடுத்திருக்கறயே நல்லாயி? ஆத்தா கோவத்துக்கு ஆரு பதில் சொல்றது? தெண்டம் கட்டோணும்."

நல்லாயி எங்கள் வண்டியைக் காட்டினாள்.

"ஆரு வெளியாளு? இவிய ஊடு இது. கருக்கல்ல எந்திரிச்சு வாசத் தொளிச்சது ஆரு? இந்தத் தம்பிதான். ஊரெல்லாம் வேப்பெல கட்டுதேன்னு எங்கிட்டக் கேட்டு வாங்கி இந்த வண்டிக்குக் கட்டுனது ஆரு? இந்தத் தம்பிதான். வந்த விருந்தாளி வாசத் தொளிப்பானுங்களா?"

உண்மைதான். டீயில் புழுதி விழுமே என்று தண்ணீர் தெளித்தேன். அம்மை வந்துவிடுமோ என்று வேப்பிலை கட்டினேன். எல்லாம் பயத்தில் செய்தது. ஒவ்வொன்றும் இப்போது சாட்சிக்கு வந்து நின்றது.

கவுண்டர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஏனுங்க தம்பி, இதுக்குள்ள சோறு ஆக்கறீங்களா?"

"ஆமாங்க."

"படுத்துத் தூங்கறீங்களா?"

"ஆமாங்க. தூக்கம் அவ்வளவா வராதுங்க."

"அது கெடக்கட்டும். வேற எங்கியாச்சும் உங்க மூணு பேருக்கும் ஊடு இருக்குதா, இந்த வருசம் படுத்து எந்திரிச்ச ஊடு?"

"இல்லீங்க."

"அப்பறம் இது ஊடு இல்லாம என்னுங்க?"

"சக்கரம் இருக்குதுங்களே!" என்றேன்.

"எங்கூட்டுக் கட்டலுக்குந்தான் நாலு காலு இருக்குது. நடந்தா போவுது?"

நல்லாயி தண்டத்திலிருந்து தப்பித்தாள். எங்களைத் தலைக்கட்டில் சேர்த்துக்கொண்டார்கள். நோம்பிச் செலவுக்கு வீட்டுக்கு வீடு போடுகிற தலைக்கட்டு வரி ஒன்றேகால் ரூபாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. துரை, வேலை, ராசிபுரம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். கவுண்டர் இரக்கப்பட்டார். ஆனால் ஆத்தா கட்டை அவிழ்க்க அவருக்கு அதிகாரம் இல்லை.

மாணிக்கண்ணன் பீடியை அணைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க கவுண்டரே, ஊடுங்கறது செவுருங்களா, அடுப்புங்களா?"

"செவுரு இடிஞ்சா கட்டிக்கலாம். அடுப்பு எரியற எடந்தானுங்க ஊடு."

"அப்ப அடுப்ப எறக்கி இங்க வெச்சர்றோம். எரியறது எரியட்டும். ஊட்டுக்காரரு ஒருத்தரு காவலுக்கு இருக்கட்டும். வெறும் வண்டி நாமக்கல் போயிட்டு வரட்டுமுங்க."

கவுண்டர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி கம்பத்தைப் பார்த்தார். சரி என்று ஆயிற்று. வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு ஊரில் படுத்தால் போதும். ஆனால் தலைக்கட்டு என்றால் கல்யாணம் ஆன ஆளாக இருக்க வேண்டும். எனக்கு இன்னும் ஆகவில்லை. மாணிக்கண்ணனுக்கு ஆகியிருந்தது, ஆனால் வண்டி ஓட்ட வேறு ஆள் இல்லை. மிச்சம், கல்யாணம் ஆன சுந்தரராஜன் சார்.

"நானா? இந்தத் திடல்லயா? சுவரே இல்லையேப்பா!"

"ஆத்தா எதுர்லயே இருக்கறா, சாமி. அவளுக்கு மேல என்ன செவுரு?" என்று சொல்லி நல்லாயி கயிற்றுக் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள்.

வண்டி நகர்ந்தது. நான் சக்கரங்களுக்கு வைத்த நாலு கல்லும் அங்கேயே கிடந்தன. அவற்றுக்கு நடுவில் குமுட்டி அடுப்பு, ஒரு டீப் பெட்டி, வேப்பிலை, ஒரு கட்டில், அதில் தலைக்கட்டுக்காரர்.

லாட நெருப்பில் டீ

நாமக்கல் கோட்டை மலைக்குக் கீழே வண்டியைக் கழுவி நிறுத்தினோம். துரை வரப் போகிறார். டீ வண்டியில் அடுப்பு இல்லை. பேச்சாளர் இல்லை. புது மண் அடுப்பு ஒன்று வாங்கிப் பற்றவைத்தேன், ஈரம் காயாமல் படீரென்று வெடித்தது.

சந்தை ஓரத்தில் மாட்டுக்கு லாடம் கட்டுகிற ஆசாரி ஒருவர் உலை போட்டிருந்தார். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"இது இரும்பு காச்சற நெருப்புங்க தம்பி. உங்க தண்ணி தாங்குமா?"

"தண்ணி தாங்குதோ இல்லியோ, என்னால தாங்க முடியலீங்க. வெச்சுக் குடுங்க."

அவர் துருத்தியை நாலு மிதி மிதித்தார். தண்ணீர் கொதித்து மூடியைத் தள்ளியது. கலங்கிப்போய் எத்தனை கரண்டி தூள் போட்டேன் என்று தெரியவில்லை. நிறம் எருமை நிறத்துக்கு வந்துவிட்டது.

துரை குடித்தார். புருவம் மேலே போயிற்று. ஹெட்கிளார்க்கிடம் ஏதோ கேட்டார்.

"அடுப்பு எங்கேன்னு துரை கேக்கறார்," என்றார் ஹெட்கிளார்க்.

"ஊட்டுல இருக்குதுங்க."

"கம்பெனி அடுப்பை வீட்டுக்குக் கொண்டு போயிட்டியா?"

மாணிக்கண்ணன்தான் முன்னால் வந்தார். "திருட்டு இல்லீங்க. இந்த வண்டிதானுங்க ஊடு. நோம்பி சாட்டியிருக்கறாங்க, ஊடு நகரக் கூடாது. அதான் ஊட்ட அங்க உட்டுட்டு வண்டிய மட்டும் ஓட்டியாந்தோம்."

ஹெட்கிளார்க் துரையிடம் திரும்பினார். இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முடிந்தவரைக்கும் சொன்னார். துரை தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "போவோம்" என்பதுபோல் கையைக் காட்டினார். வழி முழுக்க நான் ராசிபுரத்துப் பெண்ணுக்கு வேறு யார் மாப்பிள்ளையாக வருவான் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

திடலில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிற பெண்கள், நோம்பிக்கு வந்த விருந்தாளிகள் எல்லோரும் நாலு கல்லுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். உள்ளே சுந்தரராஜன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீ போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்தது காபிதான். ஆகவே டீயையும் காபி மாதிரியே கெட்டியாக இறக்கி, எருமைப் பாலைத் தனியே காய்ச்சி, தூக்கி நுரைக்க ஆற்றிக் கொடுத்தார். பக்கத்தில் நல்லாயி பாக்கெட் விற்றுக்கொண்டிருந்தாள். "வாங்கிக்கிட்டு அந்தப் பக்கம் நகருங்க. ஊட்டுக்காரருக்குக் காத்து வர வேண்டாமா?"

துரை உள்ளே காலெடுத்து வைத்தார். கவுண்டர் கையை நீட்டி மறித்தார். "ஊட்டுக்குள்ள பூட்ஸோட போவக் கூடாதுங்க."

துரை சுற்றிலும் பார்த்தார். சுவர் இல்லை, கதவு இல்லை, கூரை இல்லை. குனிந்து பூட்ஸைக் கழற்றினார். ஒரு காலுறையில் ஓட்டை. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். கட்டிலில் உட்கார்ந்து, சார் கொடுத்த டீயை முழுக்கக் குடித்துவிட்டு, தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"கம்பெனி எத்தனையோ ஊருக்கு வண்டி அனுப்புது. ஒரு ஊர்லயாவது வீட்டுக்குள்ள டீ அடுப்பேறணும்னுதான் அனுப்புது. நீங்க வீட்டையே வாங்கிட்டீங்கன்னு துரை சொல்றார்," என்றார் ஹெட்கிளார்க். மூன்று பேருமே பெர்மனண்ட். அந்த வருஷத்து வரி ஒன்றேகால் ரூபாயை ஹெட்கிளார்க் தன் கையிலிருந்து கொடுத்தார். மோட்டார் வண்டிக்குத் தலைக்கட்டு வரி என்று கணக்கெழுத முடியாதே, பஞ்சர் செலவு என்று எழுதிக்கொண்டார்.

பிறகு நடந்தது

ராசிபுரத்து மாமனார் வேலை நிரந்தரம் என்று கேள்விப்பட்டும் திருப்திப்படவில்லை. "மாப்பிள்ளைக்குச் சொந்தத்துல ஊடு வாசல் ஏதாச்சும் உண்டுங்களா?" என்றார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மாணிக்கண்ணன், "சேந்தமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குதுங்க. வரி கட்டியாச்சு" என்றுவிட்டார்.

மாமனார் நேரில் போய்ப் பார்த்தார். திரும்பி வந்ததும் திண்ணையில் உட்கார்ந்தார்.

"செவுரு இல்ல, கூரையும் இல்ல, நாலு கல்லு கெடக்குது," என்றார். "ஆனா ஊருல ஆரக் கேட்டாலும் உங்க ஊடுன்னுதான் சொல்றாங்க. ஒரு பொம்பள மோரு குடுத்து, ஊட்டுக்காரரு எப்ப வருவாருன்னு கேட்டா. ஊரே பொய் சொல்லாதுங்க." அந்த வைகாசியில் கல்யாணம் நடந்தது.

யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் கம்பெனி வண்டியை நிறுத்திவிட்டது. நான் சேலம் டெப்போவுக்கு வந்துவிட்டேன். தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: பயப்படுவது தப்பில்லை. நான் பயந்து செய்ததால்தான் எனக்கு ஓர் ஊரில் இடம் கிடைத்தது. ஆனால் புது ஊரில் நெருப்பு வாங்கும் முன், அங்கே கம்பம் நட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை வீட்டுக்காரன் ஆகிவிட்டால் அப்புறம் வெளியாள் ஆக வழியே இல்லை.

போன மாதம் நாமக்கல் சந்தையில் கவுண்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு நோம்பிக்கும் டீ வண்டி ஊட்டுக்கும் சேர்த்துத்தான் வரி போடுகிறார்களாம். அன்று தலைக்கட்டாக இருந்தவர் சார், ஆகவே அவர்தான் கட்ட வேண்டும் என்கிறேன் நான். இப்போது நீயும் கல்யாணம் ஆனவன், நீயே கட்டு என்று சார் கடிதம் எழுதுகிறார். குடியிருந்தவர்கள் நீங்கள், ஓட்டினவன் மட்டும்தான் நான் என்கிறார் மாணிக்கண்ணன். கவுண்டர் அவசரப்படுத்தவில்லை. "இருக்கட்டும் சாமி, ஊடு எங்க போயிரப் போவுது?" என்றார். ஒன்றேகால் ரூபாய் வீதம் பத்து நோம்பிக்கு, பாக்கி பன்னிரண்டு ரூபாய் எட்டணா.