வளையம் வைத்த வெள்ளி

ஞாயிறு காலை, மலேசியாவின் ஈப்போ பழம்பொருள் சந்தையில் ஒரு காசைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சுந்தரி அக்காவின் மகள் கவிதாவின் அழைப்பு வந்தது. "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றாள். காசைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுக் காரை நேரே செமோரில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு விட்டேன்.

சுந்தரி அக்காவை உங்களில் பலர் வங்கி அதிகாரியாக அறிந்திருப்பீர்கள். காலனி காலத்துக் காசு சேர்க்கும் எங்கள் சிறு கூட்டத்துக்கு அவர் பெரிய தலைவலி. நாங்கள் கீறல் விழாத காசைத் தேடி அலைவோம். அவரோ ஓட்டை போட்டது, வளையம் பற்றவைத்தது, பொங்கலுக்குப் புளி போட்டுத் தேய்த்தே காசிலிருக்கும் ராஜாவின் மூக்கு மழுங்கியது என்று வாங்கி வருவார். நாங்கள் சிரிப்போம். "சிரிங்க தம்பி. ஒங்க காசெல்லாம் பெட்டியில தூங்குனது. இதுங்க நம்ம ஆளுங்களோட வாழ்ந்துச்சுலா" என்பார்.

அவர் கழுத்துச் சங்கிலியில் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு வெள்ளிக் காசு, அதாவது ஒரு டாலர் நாணயம், எப்போதும் தொங்கும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அவர் அம்மா அணிந்தது. வளையத்தைப் பற்றவைத்த ஈயம் வழிந்து வருடத்தை மூடியிருந்தது. பதமாகச் சூடு காட்டி எடுத்துவிடலாம், வருடத்தைப் பார்த்துவிடலாம் என்று நான் கெஞ்சாத நாளில்லை. "வருசத்தத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? யாரு போட்டிருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். அது போதும்லா" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஒருமுறை பத்து காஜா நகரில் கண்காட்சி வைத்தோம். அந்த வகை வெள்ளியில் ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் பூவேலைப்பாட்டுக்கு நடுவே சீன எழுத்தும் மலாய் மொழியின் ஜாவி எழுத்தும். பார்க்க வந்த ஒரு பெண், "இதுல தமிழ் எங்க இருக்கு?" என்று கேட்டார். அக்கா தன் சங்கிலியைக் கழற்றி அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தார். "அவங்க எழுதலம்மா. நாமளே வச்சுக்கிட்டோம். இந்தா, இந்த வளையம்தான்."

அந்தப் பெண் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார். அதன்பின் அக்காவின் காசுகளைப் பார்த்து எங்கள் கூட்டத்தில் யாரும் சிரித்ததில்லை.

கருமாதி அன்று கவிதா அந்த வெள்ளியை ஒரு தட்டில் கொண்டுவந்தாள். அக்காவின் படத்துக்கு முன்னால் வைப்பதற்காக வீட்டில் யாரோ புளி போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தார்கள். தேய்த்தால் பழங்காசின் மதிப்பே போய்விடும் என்பது எங்கள் கூட்டத்தின் பாலபாடம். அக்கா இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

"அம்மா இத ஒங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க அங்கிள். ரொம்ப வருசமா ஆசைப்பட்டாரு, வளையத்த எடுக்கணும்னா எடுத்துக்கட்டும்னாங்க."

எடுக்கவில்லை. வளையத்தோடுதான் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். எந்த வருடத்து வெள்ளி என்று கேட்பவர்களிடம் தெரியாது என்கிறேன். யார் போட்டிருந்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.