மோந்து பாராத பூ

1. கூடைக்குள் முகம்

தாடிக்கொம்புப் பெருமாளுக்கு மாலை கட்டப் போக வேண்டிய மல்லிக் கூடைக்குள் அந்த ஜப்பான்காரம்மா முகத்தைப் புதைத்து, கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்து மோந்து பார்த்துவிட்டார். எங்கள் கடை முன்னால் உட்கார்ந்து மாலை கட்டும் ராமு, கையில் நாரோடு எழுந்து நின்றான்.

"யோவ் பாயி! அந்தம்மா மோந்துருச்சுய்யா! இனி அதைப் பெருமாளுக்கு எப்பிடிப் போடுவேன்?"

பூ வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்லி எழுத வைக்கிறேன். என் பெயர் காதர். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் தரம் பார்க்கிறவன். மொட்டை விரலால் நசுக்கிப் பார்ப்போம், காம்பின் நிறம் பார்ப்போம், அள்ளி ஈரம் பார்ப்போம். மூக்கை மட்டும் பக்கத்தில் கொண்டுபோக மாட்டோம். எந்தக் கூடை கல்யாண வீட்டுக்குப் போகும், எந்தக் கூடை கோயிலுக்குப் போகும் என்று விடிகாலையில் யாருக்கும் தெரியாது. மோந்த பூ சாமிக்கு ஆகாது. அதனால் எந்தக் கூடையையும் யாரும் மோப்பதில்லை. நான் தொழுகிற இடம் வேறு. ஆனாலும் இத்தனை வருசத்தில் கடையில் ஒரு பூவை மோந்து பார்த்தவனில்லை.

ஜப்பான்காரம்மா எங்கள் கடைக்கு எப்படி வந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2. முதலாளி சொன்ன காரணம்

மல்லி குவிகிற மாதங்களில் விலை விழுந்துவிடும். பறிகூலிக்குக் கூடக் காணாது என்று விவசாயிகள் செடியிலேயே விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் ஜப்பானில் ஓர் ஊதுபத்திக் கம்பெனி, வருசம் முழுக்க ஒரே கடையில் மல்லி வாங்க விரும்புவதாக முதலாளிக்குத் தகவல் வந்தது. பூவை இங்கேயே ஓர் ஆலையில் கொடுத்து, வாசனைச் சாறாக எடுத்துக்கொண்டு போவார்களாம். அது மட்டும் அமைந்துவிட்டால், எங்களுக்குப் பூப் போடுகிற அத்தனை குடும்பமும் குவிகிற மாதத்தில் நிம்மதியாகத் தூங்கும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"பாய், மெடிக்கல் ஸ்டோர் மாடியில ஞாயித்துக்கிழமை ஜப்பான் பாஷை சொல்லித் தாராங்களாம். நீங்க போங்க."

"நான் ஏழாவதுதான் படிச்சிருக்கேன் முதலாளி. தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன்."

"மத்தவனை அனுப்புனா போனைப் பாத்துக்கிட்டே தூங்கிருவான். நீங்க கவலைப்பட்டாவது படிச்சிருவீங்க."

அது உண்மைதான். மழை பெய்தால் மொட்டு கருகும் என்று கவலைப்படுவேன். பெய்யாவிட்டால் சிறுக்கும் என்று கவலைப்படுவேன். இரண்டும் நடக்காத நாளில், என்னடா ஒன்றும் நடக்கவில்லையே என்று கவலைப்படுவேன்.

3. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

டீச்சர் பெயர் செல்வி. நத்தத்துப் பெண். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் சில வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். வயதில் என் மகளை விடச் சின்னவர். அங்கே வேலைக்குப் போக ஆசைப்படும் நர்சிங் பெண்கள் சிலரும் நானும்தான் வகுப்பு.

எழுத்தை எழுதிப் போடுவார் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஊர்ல பூ உதிர்ற நேரத்துல குடும்பத்தோட போயி, மரத்தடியில துணி விரிச்சு உக்காந்து சாப்டுவாங்க. எதுக்கு? பாய் சொல்லுங்க."

"உதிர்ந்தா நட்டம் டீச்சர். அதுல சாப்பாடு எப்பிடி எறங்கும்?"

மாடியே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டுக் கேட்டார்: "சாயங்காலத்துக்குள்ள பூ விரிஞ்சு போயிரும்னுதானே உங்க கடையில காலையில அம்புட்டுப் பேரு முண்டியடிக்கிறாங்க? பிளாஸ்டிக் பூவுக்கு அப்பிடி வருவாங்களா?"

வர மாட்டார்கள். நிற்காமல் போவதால்தான் அதன்மேல் இத்தனை ஆசை. அதற்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: ஹகனாய். எழுதிக் கொடுத்திருந்தால் வீட்டுக்குப் போவதற்குள் மறந்திருப்பேன். அரை மணி நேரம் சண்டை போட்டுக் கற்றதால் இன்றுவரை மறக்கவில்லை.

எல்லா வகுப்பும் இப்படித்தான். சோறு என்கிற சொல்லைச் சொல்லித்தர, அங்கே பல வீடுகளில் காலையில் வடித்த சோற்றின் முதல் கிண்ணம் யாருக்குப் போகிறது என்று கேட்டார். வீட்டில் இறந்துபோனவர்களுக்கு வைத்த மாடத்துக்குப் போகுமாம். அதற்கப்புறம்தான் மனிதர்கள் வாயில் வைப்பார்களாம். அதிலிருந்தே முன், பின், சோறு, மனிதர், எல்லாச் சொல்லும் வந்துவிட்டன. இன்னொரு நாள் ஒரு துறவி மடத்துப் பாடம்: டீ குடிக்கும்போது டீயை மட்டும் நினைக்க வேண்டும்.

"அப்ப எனக்கு டீயே வேணாம் டீச்சர்," என்றேன். "கவலைப்பட எனக்குக் கெடைக்கிறதே அந்த அஞ்சு நிமிசந்தான்."

அவர்களுடைய மூன்று வரிக் கவிதையும் வந்தது. அதில் பருவம் தெரிய வேண்டும். மனதில் உள்ளதை உடைத்துச் சொல்லிவிடக் கூடாது. ஆளுக்கு ஒன்று தமிழில் சொல்லச் சொன்னார். மற்றவர்கள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கடைசியில் சொன்னேன்:

ஆடிக் காத்து
காலித் தராசில
ஒத்த மொட்டு

டீச்சர் ஒன்றும் பேசவில்லை. பெண்களும் பேசவில்லை.

"நல்லா இல்லையா டீச்சர்?"

"பாய், நல்லாருக்குன்னு உடனே சொல்றது நம்ம ஊரு. செத்த நேரம் சும்மா இருக்கிறது அந்த ஊரு. இப்ப நாங்க அந்த ஊருல இருந்தோம்."

அன்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

4. கமிசாமா முன்னால்

கம்பெனி சார்பில் ஹருகா என்கிற அம்மா பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. வேறு ஊர் மார்க்கெட்டையும் பார்ப்பாராம். செல்வி டீச்சர் கூட இருந்து மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. ஆனால் ஹருகா அம்மா சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே, ஏலம் சூடாக இருக்கும்போதே வந்து இறங்கிவிட்டார். டீச்சர் நத்தம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். நாங்கள் வணக்கம் சொல்வதற்குள் அந்தக் கூடையைப் பார்த்தார், குனிந்தார். மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ராமு கத்தியதும் அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஏதோ தப்பு என்று தெரிகிறது, என்ன தப்பு என்று தெரியவில்லை. முதலாளி, "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்," என்றார். ராமு, "என்னய்யா நோ ப்ராப்ளம்? பெருமாள் ஒங்ககிட்ட வந்து சொன்னாரா?" என்றான்.

"பாய், எதையாச்சும் பேசுங்க!" என்று முதலாளி என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

படித்ததெல்லாம் பறந்துவிட்டது. ஒரு வாக்கியம் கூட முழுதாக நினைவில் இல்லை. அந்தச் சோற்றுக் கிண்ணம் மட்டும்தான் நினைவுக்கு வந்தது. கூடையைக் காட்டினேன். வடக்கே, கோயில் இருக்கும் திசையைக் காட்டிக் கும்பிட்டேன்.

"கமிசாமா, சாகி," என்றேன். சாமி முன்னால். "ஹிதோ, ஆதோ." மனிதர் பின்னால். அப்புறம், "அசா நோ கோஹான்... ஒனாஜி." காலைச் சோறு, அதே மாதிரி.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். நேராக ராமுவின் முன்னால் போய் நின்று, இடுப்பு வரை குனிந்தார். நிமிரவேயில்லை. ராமு பதறிப்போய்ப் பதிலுக்குக் கும்பிட்டுக் குனிந்தான். அவர் நிமிர்ந்து பார்த்தால் இவன் குனிந்திருக்கிறான். உடனே அவர் திரும்பக் குனிந்தார். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

"பாயி, இதை எப்பிடிய்யா நிப்பாட்டுறது?" என்றான் ராமு, குனிந்தபடியே. "இடுப்புப் பிடிச்சுக்கிருச்சு."

மார்க்கெட்டே சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்த அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். தாடிக்கொம்புப் பக்கத்திலிருந்து அடுத்த வண்டியில் வந்த புதுக் கூடையை ராமுவுக்குப் பிரித்துக் கொடுத்தோம். மோந்த கூடையை மார்க்கெட்டுப் பெண்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளி, கட்டித் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஹருகா அம்மாவின் குட்டை முடியிலும் ஒரு துண்டுச் சரத்தை எப்படியோ மாட்டிவிட்டார்கள்.

5. சாயங்காலத் தட்டு

ஆனால் என் கவலை தீரவில்லை. மோந்து பார்க்காமல் ஊதுபத்திக்காரர் எப்படிப் பூ வாங்குவார்? நல்ல மொட்டாக ஒரு தட்டு எடுத்து, ஈரத்துணி போட்டு மூடி, தனியாக வைத்தேன். "இது ஹிதோவுக்கு," என்றேன். சாயங்காலம் வரை பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். அதற்குள் வந்துவிட்ட டீச்சர் அதைச் சரியான வாக்கியமாக்கிச் சொன்னார்.

வெயில் தாழ்ந்ததும் துணியை எடுத்தேன். மொட்டுகள் பாதிக்குமேல் வாய் திறந்திருந்தன. அந்த அம்மா குனிந்து மோந்தார். நிமிர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் மார்க்கெட்டில் வாங்குகிறவர் பேசாமல் நின்றால் அடுத்த கடைக்குப் போகப் போகிறார் என்று பொருள். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "பாய், வேணும்னா வெலையைக் கொறைச்சு..." என்று வாயெடுத்தார். அவர் கையை அழுத்திப் பிடித்தேன். முதலாளியின் கையை நான் பிடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சும்மா இருங்க முதலாளி. அவங்க ஊருல இருக்காங்க."

செத்த நேரம் எல்லோரும் சும்மா நின்றோம். அப்புறம் அந்த அம்மா தட்டை இரண்டு கையாலும் தூக்கி என் முன்னால் நீட்டினார். நானும் மோக்க வேண்டுமாம். ஈரமும் குளிர்ச்சியுமாக அந்த வாசனை நெஞ்சு வரை போனது. அந்த நேரத்தில் நான் எதைப் பற்றியும் கவலைப்படவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு டீச்சர் கேட்டார்: "நான் வெளியில போன் பேசிக்கிட்டு இருந்துட்டேன் பாய். மோந்து பாத்துட்டு அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல டீச்சர். எனக்கு முழுசாப் புரிஞ்சது."

ஆர்டர் எங்களுக்கே வந்தது. பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வெளியூர்க்காரர் பாஷையைப் படிக்கப் போனால், முதல் கிண்ணத்தை அவர்கள் யாருக்கு வைக்கிறார்கள், எதன் முன்னால் வாய் மூடி நிற்கிறார்கள் என்று கேட்டுப் பழகுங்கள். சொற்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இப்போதும் தினமும் கடையில் ஒரு தட்டு மொட்டைத் தனியாக எடுத்து மூடி வைக்கிறேன். சாயங்காலம் துணியை எடுத்துவிட்டு டீ குடிப்பேன். கவலையெல்லாம் டீக்கு அப்புறம்தான்.