சுடுகுளத்துப் பவளம்

நடுக்கடல் தீவான எங்கள் ஊரில் தலீதாவை, "கல்லுக்குக் காய்ச்சல் பார்க்கிறவ" என்று கேலி செய்வார்கள். கடல் வற்றும் நேரம் பார்த்து, இரும்புக் கம்பியும் கூடையுமாக எட்டுக்கால் பேய்க்கணவாய் தேடிப் போவாள். போகிற வழியில் அங்கங்கே குனிந்து, புறங்கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பாள். பவளத்தையும் தொடுவாள். பிள்ளையின் நெற்றியில் கை வைக்கிற மாதிரி இருக்கும். அதனால் வந்த பெயர்.

அவள் என் இரண்டாவது அண்ணன் இயோபுவின் மனைவி. அண்ணன் சர்க்கரை வியாதியில் காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்தார். எங்கள் வழக்கப்படி வீட்டு வாசலிலேயே அடக்கம் செய்து, மேலே சிமெண்டு போட்டோம். அன்று கல்லறைக்கும் கடலுக்கும் நடுவே முப்பது காலடி தூரம் இருந்தது. அடுத்த வருஷம் சூறாவளி வந்து வீட்டுக்கு எதிரே முன்கரைப் பவளத்திட்டை நொறுக்கிவிட்டுப் போனது. அலையைத் தடுக்க ஒன்றும் இல்லை. முப்பது காலடி இருபதானது, இருபது பதினைந்தானது. தலீதா தினமும் எண்ணிப் பார்ப்பாள். பிள்ளை இல்லாத அவளுக்கு அந்தக் கல்லறையை விட்டால் எங்கள் ஊரில் வேறு சொந்தம் என்ன இருக்கிறது?

கடல் வற்றும்போது, மிஞ்சிய திட்டுக்கு உள்ளே இரண்டு குளங்கள் தனியாக நிற்கும். பெரிய குளம் ஆழமானது, குளிர்ந்தே கிடக்கும். சின்னதற்குச் சுடுகுளம் என்று பெயர். மத்தியானத்தில் அதில் கால் வைத்தால் கோக்கோ குடிக்கிற சூடு இருக்கும். இரண்டிலும் இருப்பது ஒரே வகைப் பவளம். பெரிய குளத்தில் அது நீல நுனியோடு பாய் விரித்த மாதிரி அகலமாக இருக்கும். சுடுகுளத்தில் குட்டையாக, பழுப்பாக, முண்டும் முடிச்சுமாக நிற்கும்.

அதை ஆராய்ச்சி செய்ய ஹவாயிலிருந்து ஹேலி என்ற பெண் வந்து எங்கள் வீட்டில் ஏழு மாதம் தங்கினாள். சுண்டுவிரல் நுனியளவு நறுக்கிக் குப்பியில் போடுவாள். தலீதாதான் அவளுக்குத் துணை. இந்தக் குளத்துத் துண்டை அந்தக் குளத்திலும், அதை இதிலுமாக மாற்றி நட்டுப் பார்த்தார்கள். பெரிய குளத்துப் பவளம் சுடுகுளத்தில் கொஞ்சம் சூடு பழகியது. ஆனாலும் அங்கேயே பிறந்ததைப் போல ஒருநாளும் ஆகவில்லை.

"ரெண்டும் ஒரே வகைதானேடி, அப்புறம் என்ன?" என்று தலீதாவைக் கேட்டேன்.

"வகை ஒண்ணுதான் அக்கா, ரத்தம் வேற. கல்லுக்கு ஏது ரத்தம்னு ஹேலி சிரிக்கிறா. வேற எப்படிச் சொல்றது? சுடுகுளத்துல வந்து விழுந்த குஞ்சுகள்ல தாங்காதது எல்லாம் செத்துப்போச்சு. தாங்கினது பெத்துது. அதுலயும் தாங்கினது மட்டும் பெத்துது. இப்படியே எத்தனையோ தலைமுறை. அங்க நிக்கிற ஒவ்வொண்ணுக்கும் பின்னால எத்தனை சாவு இருக்கும்னு நெனைச்சுப் பாருங்க."

"அதான் அப்படிச் சூம்பிப் போயிருக்கா?"

"இருக்கிற தெம்பெல்லாம் சூட்டைத் தாங்கவே போயிடுது. அப்புறம் எங்க வளர்றது?"

ஆலயத்தின் நூறாவது ஆண்டு வந்தது. முன்கரையில் புதிதாகப் பவளம் நட்டு ஆண்டவருக்குக் காணிக்கையாக்குவது என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு எழுந்தது. என் மூத்த அண்ணன் கெரெசோமா ஊர்த்தலைவர்களில் ஒருவர், ஆலயத்தில் மூப்பர். பெரிய குளத்தின் நீலநுனிப் பவளத்தை எடுக்கலாம் என்றார்.

"சுடுகுளம் இந்தா இருக்கு. அங்கேர்ந்து எடுத்தா சுமக்கிற வேலை குறையுமே" என்றார் கிழவர் ஒருவர்.

"அந்தச் சிரங்கு பிடிச்ச கல்லையா? ஆண்டவருக்குச் சொத்தையைக் கொடுக்கச் சொல்றீரா? உம்ம மக கல்யாணத்துக்குக் கிழிஞ்ச பாயா விரிச்சீர்?" என்றார் அண்ணன்.

எல்லோரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். கோக்கோ பரிமாறிக்கொண்டிருந்த தலீதா தலை நிமிரவில்லை. சமையல் கொட்டகைக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, முன்கரை ஆழமே இல்ல. மத்தியானம் வத்தினா சுடுகுளம் மாதிரியே கொதிக்கும். பெரிய குளத்துப் பவளம் அங்க ஒரு நல்ல வெயிலுக்குத் தாங்காது. நீங்க பெரிய அண்ணன்கிட்ட சொல்லுங்க."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா வாய்க்கொழுப்பும்பாங்க. அவரு அங்க படுத்திருக்காரு அக்கா. இன்னும் பதினாலு காலடிதான்."

எங்கள் ஊரில் வாக்கப்பட்டு வந்தவள் ஊர்க் காரியத்தில் வாய் திறப்பதில்லை. ஆனால் உடன்பிறந்தவள் சொல்லை அண்ணன் தட்டக்கூடாது. அது ஆண்டவர் முன்னால் செய்த உடன்படிக்கை மாதிரி. நான் சொன்னால் அண்ணன் கேட்டே ஆக வேண்டும். சொல்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

சாயங்கால ஜெபத்துக்கு அண்ணன் வந்தார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. காணிக்கை அழகாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் பட்டது. நான்கு வகுப்பு படித்தவள், கணவாய் பிடிக்கிறவள் பேச்சைக் கேட்டு இத்தனை பேர் மகிழ்ச்சியைக் கெடுப்பதா என்று எண்ணினேன். பாட்டுப் பாடி, ஜெபம் முடித்து, கறிப்பலா சாப்பிட்டோம். நான் சொல்லவில்லை.

ஒரு வாரம் முழுக்க ஊரே கடலில் நின்றது. அறுநூறு துண்டுகள் சுமந்து, சிமெண்டு வைத்து நட்டோம். தலீதாவும் சுமந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆலயப் பண்டிகையன்று வெள்ளை உடுத்திக் கரையில் நின்று பாடினோம். இரண்டு வருஷம் அந்தப் பவளம் செழித்தது. மீன் குஞ்சுகளும் வந்தன. நான் சொல்லாததே நல்லதாயிற்று என்று ஆண்டவருக்கு நன்றிகூடச் சொன்னேன்.

மூன்றாவது வருஷப் பிப்ரவரியில், எங்கள் பக்கத்துக் கோடையில், காற்றே இல்லை. பதினெட்டு நாள் வெயில் நேராக இறங்கியது, அதில் பல நாள் மத்தியானத்தில் கடலும் வற்றியது. பவளம் முதலில் பளபளவென்று வெளுத்தது. அதைப் பார்த்துப் பெண்கள் அழகு என்றார்கள்.

"அழகா? அது செத்துக்கிட்டிருக்கு" என்றாள் தலீதா. ஊரார் முன்னால் அவள் சத்தமாகப் பேசியது அது ஒன்றுதான்.

ஈஸ்டருக்குள் எல்லாம் பாசி பிடித்துப் பச்சையானது. ஜெபத்துக்குக்கூட ஜன்னலைத் திறக்க முடியாமல் நாற்றம். பெரிய குளத்திலும் பாதிக்கு மேல் போயிற்று. சுடுகுளம் மட்டும் அதே பழுப்பில் நின்றது.

கெரெசோமா தாமாக வந்து தலீதாவிடம், "அந்தச் சிரங்குக் கல்லையே நடு" என்றார். குரலில் கேலி இல்லை. அவள் தனியாகவே நட்டாள், எண்பது துண்டு. அடுத்த வருஷ வெயிலில் இரண்டுதான் செத்தன. மற்றவை பிழைத்தன. ஆனால் வருஷத்துக்கு அரை விரல்தான் வளர்ந்தன. இந்த வேகத்தில் அலையைத் தடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன்.

"நமக்கெல்லாம் சாவு வந்தப்புறம்" என்றாள்.

அந்த டிசம்பரில் பெரிய அலை ஏறியது. விடிந்து பார்த்தபோது கல்லறையின் கடல் பக்கத்து மண் இல்லை. சிமெண்டுப் பலகை சாய்ந்து, உள்ளே இருட்டு தெரிந்தது. கடல் மறுபடி ஏறுவதற்குள் அண்ணனை எடுத்துவிட வேண்டும் என்று போதகர் சொன்னார். ஆண்கள் தோண்டினார்கள். எலும்புகளைத் துடைத்து, எண்ணெய் பூசி, மரப்பட்டைத் துணியில் சுற்றும் வேலை பெண்களுடையது. நானும் தலீதாவும் எதிரெதிரே உட்கார்ந்தோம். வெட்டிய கால் எலும்பின் முனையை அவள் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"தலீதா, அன்னிக்கு நீ சொன்னதை நான் அண்ணன்கிட்ட சொல்லவே இல்லடி."

"தெரியும்."

"எப்படி?"

"சொல்லியிருந்தா அவரு கேட்டிருப்பாரே. அஞ்சு வருஷம் முன்னாடியே சுடுகுளத்துப் பவளத்தை அறுநூறு நட்டிருப்போம்."

"அப்படி நட்டிருந்தா இது நடந்திருக்காதா?"

அவள் துணியின் ஓரத்தை மடித்தாள். எனக்காகப் பொய் சொல்வாள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன்.

"தெரியல அக்கா. ஒருவேளை நின்னிருக்கும். துணியை இழுத்துப் பிடிங்க, உங்க பக்கம் தளருது."

மலைச்சரிவில் சேப்பங்கிழங்குத் தோட்டத்துக்கு மேலே அவரை வைத்தோம். அங்கிருந்து கடல் தெரியாது. ஆலயப் பண்டிகைக்குப் பந்தல் போடுவது போல் பலபேர் வந்து உதவினார்கள் என்று சொல்ல ஆசைதான்; வந்தது ஒன்பது பேர். இரண்டு வாரம் கழித்து தலீதா தன் பிறந்த ஊருக்குப் படகேறினாள். புருஷன் கல்லறை வாசலில் இல்லாத வீட்டில் அவளை இருத்திவைக்க எங்களுக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. கெரெசோமா கரைவரை வந்து அவள் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். நான் அவளை முத்தமிட்டேன். அவளும் முத்தமிட்டாள். ஆண்டவர் என்னை மன்னிக்கலாம், அவர் இரக்கமுள்ளவர். அவள் மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை.